மாறிலி மாறிய வரலாறு

அறிவியல் நூல்களில் வழங்கும் சொற்களுள் ‘மாறிலி’ என்பது பெருமிதம் மிக்க ஒன்று. மாறுதல் இல்லாதது என்பது அதன் பொருள். ஒரு பொருளுக்குரிய மாறிலியைக் கண்டுவிட்டால், அதன் இயல்பையே ஓர் எண்ணுக்குள் அடக்கிவிட்டோம் என்னும் நிறைவு நமக்கு உண்டாகிறது. அமிலங்களுக்கும் இத்தகைய மாறிலிகள் உண்டு. எந்த அமிலம் வலியது, எது மெலியது, எத்துணை மெலியது என்பவற்றை அவை தெரிவிக்கும். மாணவர்கள் அவ்வெண்களைப் பட்டியலில் கண்டு கணக்குகளில் இட்டு விடை காண்கின்றனர்.

ஆனால், மெலிய அமிலம் ஒன்றின் கரைசலில் சிறிது சோற்றுப்பைக் கரைத்துப் பாருங்கள். அதன் மாறிலி மாறிவிடுகிறது! சோற்றுப்பு அமிலமும் அன்று, காரமும் அன்று, அவ்வமிலத்தோடு வினை புரிந்து புதுப்பொருளை உண்டாக்குவதும் அன்று. ஒதுங்கி நிற்கும் ஓர் அயலான் போன்றது அது. அந்த அயலான் வந்த அளவில் வீட்டுக்காரரின் இயல்பு மாறுவானேன்? இக்கேள்விக்குத் தக்க விடை காண அறிஞர் உலகுக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த நாற்பது ஆண்டுகளின் வரலாற்றையே இன்று நாம் காணப்போகிறோம்.

முதலில் சமநிலை என்பது யாது என்று தெளிந்துகொள்வோம். திருவிழா நாளில் கோயிலின் ஒரு வாயில் வழியே மக்கள் உட்புகுகின்றனர். மற்றொரு வாயில் வழியே வெளியேறுகின்றனர். நிமிடத்துக்கு இத்தனை பேர் உட்புக, அத்தனை பேரே வெளியேறுவார்களாயின், உள்ளிருப்போரின் தொகை மாறாமல் நிற்கும். ஆட்கள் மாறுகின்றனர், தொகை மாறுவதில்லை. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தின் நிலையும் இத்தகையதே. நீரில் அதன் மூலக்கூறுகளுட் சில, ஹைட்ரஜன் அயனியாகவும் அசெட்டேட் அயனியாகவும் பிரிகின்றன. பிரிந்தவற்றுட் சில மீண்டும் கூடுகின்றன. லிட்டருக்கு 6 கிராம் அமிலம் உள்ள கரைசலில், ஆயிரம் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 13 மட்டுமே எந்த நேரத்திலும் பிரிந்த நிலையில் இருக்கும். பிரிதலுக்கும் கூடுதலுக்கும் இடையேயுள்ள இந்த ஒப்பந்தத்தைக் குறிக்கும் எண்ணே சமநிலை மாறிலி எனப்படும்.

கரைசலில் அயனிகள் தனித்து உலவுகின்றன என்னும் கருத்தை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரேனியஸ். 1884-ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்தாம் வயதில், உப்சாலா பல்கலைக்கழகத்தில் மின்சாரத்தைக் கடத்தும் கரைசல்களைப் பற்றிய ஆய்வேட்டை அவர் அளித்தார். ஆசிரியர்கள் அதற்குத் தாழ்ந்த தரமே வழங்கினர். ஆயினும் ரீகா நகரில் இருந்த வில்லெம் ஆஸ்ட்வால்டு என்னும் வேதியியல் பேராசிரியர் அவ்வேட்டின் பெருமையை உணர்ந்து, இளைஞரைக் காண உப்சாலாவுக்கே வந்தார். 1887-இல் அர்ரேனியஸ் தமது கொள்கையை முழு வடிவில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஆஸ்ட்வால்டு, அயனிகளாகப் பிரியும் அளவுக்கும் கரைசலின் செறிவுக்கும் உள்ள தொடர்பை ஒரு விதியாக வகுத்துரைத்தார். நீர்த்தல் விதி என்று அது பெயர் பெற்றது. அசெட்டிக் அமிலத்தை எவ்வளவு நீர் சேர்த்து நீர்க்கச் செய்தாலும் விதி தந்த மாறிலி ஏறக்குறைய ஒன்றாகவே நின்றது. 1903-இல் அர்ரேனியஸும், 1909-இல் ஆஸ்ட்வால்டும் நோபல் பரிசு பெற்றனர்.

எனினும், அந்த வெற்றியினுள்ளே ஒரு முள் இருந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலம், பொட்டாசியம் குளோரைடு முதலான வலிய மின்பகுபொருள்கள் நீர்த்தல் விதிக்கு அடங்கவில்லை. செறிவை மாற்றுந்தோறும் அவற்றின் ‘மாறிலி’ மாறிக்கொண்டே சென்றது. மெலியவை கீழ்ப்படிகின்றன, வலியவை மீறுகின்றன! பல ஆய்வாளர்கள் விதியில் சிற்சில திருத்தங்கள் செய்து பார்த்தனர். ஓரிடத்தில் ஒட்டினால் மற்றோரிடத்தில் விட்டது.

இந்நிலையில், 1899-ஆம் ஆண்டில் அர்ரேனியஸே மற்றொரு முள்ளையும் எடுத்துக்காட்டினார். உப்புச் சேர்ப்பதால் மெலிய அமிலங்களின் வலிமை மாறுகிறது என்பதே அவர் அவ்வாண்டில் எழுதிய கட்டுரையின் பொருள். தாம் நாட்டிய கொள்கைக்குத் தாமே இடர் காட்டும் நேர்மை அக்கட்டுரையில் விளங்குகிறது. அந்நாளில் அமிலத்தின் வலிமையை அளக்க உதவிய முறைகளுள் ஒன்று, கரும்புச் சர்க்கரையை அது எவ்வளவு விரைவாகச் சிதைக்கிறது என்று காண்பதாகும். நடுநிலை உப்புகளைச் சேர்த்தபோது அந்த விரைவு மிகுந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். அசெட்டிக் அமிலத்தில் சோடியம் அசெட்டேட்டைச் சேர்த்தால் அமிலம் பிரியும் அளவு குறைகிறது. அமிலம் தரும் அசெட்டேட் அயனியையே அந்த உப்பும் தருவதால், கூடுதல் மிகுந்து பிரிதல் குறைகிறது. ஒப்பந்தத்துக்கு உட்பட்டே நிகழும் மாற்றம் அது. அதில் வியப்பு இல்லை. ஆனால் சோடியம் குளோரைடு ஆகிய சோற்றுப்புக்கும் அசெட்டிக் அமிலத்துக்கும் பொதுவான அயனி எதுவும் இல்லை. அது புகுந்தபோது ஒப்பந்தமே மாறுகிறது. வியப்பு இங்கேதான்.

இது ஏட்டளவில் நிற்கும் வியப்பாக இருக்கவில்லை. டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 1909-இல் சோரன்சன் என்னும் வேதியியலார், ஹைட்ரஜன் அயனியின் அளவைக் குறிக்கும் ‘பி.எச்.’ என்னும் அளவுமுறையை ஏற்படுத்தினார். நிறம் மாறும் சாயங்களைக் காட்டிகளாகக் கொண்டு அதனை எளிதில் அளக்கும் வழியையும் வகுத்தார். மறு ஆண்டில் அவரும் பாலிட்ஷ் என்பவரும் அம்முறையைக் கடல்நீருக்குப் பயன்படுத்தியபோது பிழை ஒன்று தலைகாட்டியது. உப்பற்ற கரைசலில் ஒரு பி.எச். அளவைக் காட்டும் அதே நிறம், கடல்நீரில் வேறோர் அளவைக் குறித்தது. அவர்கள் அதனை ‘உப்புப் பிழை’ என்றனர். காட்டி என்பதும் ஒரு மெலிய அமிலமே அல்லவா? அளக்கப்படும் பொருளை மாற்றும் உப்பு, அளக்கும் கோலையும் மாற்றுகிறது. துணியை நனைத்த மழை, கடைக்காரரின் கயிற்றுக்கோலையும் நனைத்துச் சுருக்கிவிட்டது போன்ற நிலை இது.

விடையை நோக்கி முதலடி வைத்தவர்கள் வேறு வேறு நாட்டினர். அமெரிக்கரான கில்பர்ட் லூயிஸ் 1907-இல் ‘செயல்திறன்’ என்னும் கருத்தை முன்வைத்தார். கரைசலில் எத்தனை அயனிகள் உள்ளன என்பது ஒன்று. அவை எத்தனை அயனிகளைப் போல் தொழிற்படுகின்றன என்பது மற்றொன்று. வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் இருக்கலாம். கூச்சல் நிறைந்த அறையில் ஆசிரியரின் குரல் நாற்பது பேருக்கே எட்டலாம். வருகைப் பதிவேடு ஐம்பது என்னும். பாடம் நாற்பது என்னும். சமநிலை விதிக்கு உட்படுவது இந்த இரண்டாம் எண்ணே என்பது லூயிஸின் முடிபு. செயல்திறன்களைக் கொண்டு கணித்தால் மாறிலி மெய்யாகவே மாறாது. செறிவுகளைக் கொண்டு கணித்தால் அது மாறுவதுபோல் தோன்றும். 1909-இல் டென்மார்க்கு அறிஞர் பியெரும், குரோமியம் உப்புக் கரைசல்களின் நிறத்தை ஆராய்ந்து, வலிய மின்பகுபொருள்கள் ஒரு பகுதியன்று, முழுவதுமே அயனிகளாகப் பிரிந்துள்ளன என்று உரைத்தார். 1921-இல் லூயிஸும் ராண்டலும் ‘அயனி வலிமை’ என்னும் அளவை வகுத்தனர். நீர்த்த கரைசலில் உப்பு எதுவாயினும், அதன் அயனிகளின் செறிவும் மின்னேற்றமுமே அயற்பொருளின் செயல்திறனைத் தீர்மானிக்கின்றன என்று கண்டனர்.

செயல்திறன் ஏன் குறைகிறது? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு என்பது நாம் மகிழத்தக்க செய்தி. ஞானேந்திர சந்திர கோஷ் என்னும் வங்க அறிஞர், ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராயின் மாணாக்கர். மேகநாத் சாஹாவுக்கும் சத்தியேந்திரநாத் போஸுக்கும் உடன் பயின்றவர். 1918-ஆம் ஆண்டில், இருபத்துநான்கு வயதளவில், வலிய மின்பகுபொருள்களின் மாறுபட்ட ஒழுக்கத்தைப் பற்றி இலண்டன் வேதியியற் கழகத்தின் இதழில் தொடர் கட்டுரைகளை வெளியிட்டார். உப்பு முழுவதும் அயனிகளாகப் பிரிந்தே உள்ளது; அந்த அயனிகள், உப்புப் படிகத்தில் அடுக்கப்பட்டுள்ளவாறே, கரைசலிலும் இடைவெளி பெருகிய ஓர் ஒழுங்கில் அமைந்துள்ளன; அவற்றின் மின் ஈர்ப்பை மீறும் ஆற்றலுள்ளவையே தனித்துத் தொழிற்படுகின்றன என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை உலகெங்கும் கவனிக்கப்பட்டது, கடுமையாக எதிர்க்கவும்பட்டது. குறை எங்கே இருந்தது? நீரில் உள்ள அயனிகள் ஓயாது அலைபவை. அவை படிகத்தைப் போல் வரிசையில் நிற்பதில்லை. வரிசையில் நிற்பதாகக் கொண்டால், உப்பின் விளைவு செறிவின் கனமூலத்தைப் பின்பற்ற வேண்டும். மிக நீர்த்த கரைசல்களில் செய்த நுண்ணிய அளவீடுகளோ வர்க்கமூலத்தையே காட்டின.

ஸூரிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் இருந்த பீட்டர் டிபையும் எரிக் ஹூக்கெலும் 1923-இல் இச்சிக்கலை அவிழ்த்தனர். தங்கள் கட்டுரையில் கோஷின் முயற்சியை எடுத்துக்கூறி, அவர் கணக்கிட்ட முறையை மறுத்துவிட்டு, அவர்கள் வேறொரு சித்திரத்தை வரைந்தனர். அயனிகள் வரிசையில் நிற்பவையும் அல்ல. முற்றிலும் தாறுமாறாகத் திரிபவையும் அல்ல. நேர்மின் அயனி ஒன்றைச் சுற்றிப் பார்த்தால், சராசரியாக எதிர்மின் அயனிகளே சற்று மிகுதியாகக் காணப்படும். எதிர்மின் அயனியைச் சுற்றி நேர்மின் அயனிகள் மிகுந்திருக்கும். பெரிய மனிதர் ஒருவர் சந்தையில் நடந்தால், அவரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் கலைந்தும் சேர்ந்தும் உடன் செல்லும் அல்லவா? அத்தகைய சூழலை அவர்கள் ‘அயனி மண்டலம்’ என்றனர். லிட்டருக்கு 6 கிராம் அளவு சோற்றுப்புள்ள நீரில் அம்மண்டலத்தின் ஆரம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். அஃதாவது, மீட்டரை நூறு கோடி கூறிட்டால் அதில் ஒரு கூறு. உப்பு மிகுந்தால் மண்டலம் நெருங்கிச் சுருங்கும். அதன் பிடிப்பும் மிகும். இக்கணக்கில் வர்க்கமூலம் தானே வந்து அமைந்தது. உப்பு நான்கு மடங்கானால் விளைவு இரு மடங்காகும்.

அயலான் செய்த மாயம் இப்போது விளங்கும். அசெட்டிக் அமில மூலக்கூறு மின்னேற்றம் அற்றது. உப்பின் அயனிகள் அதனைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. அது பிரிந்து உண்டாகும் ஹைட்ரஜன் அயனியும் அசெட்டேட் அயனியும் மின்னேற்றம் உடையவை. உப்பின் அயனிகள் அவற்றைச் சூழ்ந்து அணைத்துக்கொள்கின்றன. துணை கிடைத்துவிட்டமையால், பிரிந்தவை மீண்டும் கூடும் நாட்டம் குறைகிறது. பிரிந்த நிலையில் இருப்பவை பெருகுகின்றன. ஆகவே அமிலம் வலிமை மிகுந்ததுபோல் தோன்றுகிறது. 25 பாகை வெப்பத்தில் தூய நீரில் அசெட்டிக் அமிலத்தின் மாறிலி இலட்சத்தில் 1.75 பங்கு. மேற்சொன்ன அளவு உப்பு நீரில் அது ஏறக்குறைய 2.7 பங்கு, அஃதாவது, ஒன்றரை மடங்கு.

எல்லா அமிலங்களும் ஒரே அளவில் மாறுவனவா? அல்ல. அதே 1923-இல் பிரான்ஸ்டெட் என்னும் டென்மார்க்கு அறிஞர், ஹைட்ரஜன் அயனியை ஈவது எதுவோ அதுவே அமிலம் என்று பொது இலக்கணம் கூறினார். அவ்விலக்கணப்படி அம்மோனியம் அயனியும் ஓர் அமிலமே. அது ஹைட்ரஜன் அயனியை ஈந்துவிட்டு மின்னேற்றமற்ற அம்மோனியாவாக மாறுகிறது. முன்னும் ஒரு நேர்மின்னேற்றம்; பின்னும் ஒரு நேர்மின்னேற்றம். ஆகவே உப்பினால் அதன் மாறிலி மிகச் சிறிதே மாறுகிறது. பைகார்பனேட் அயனியோ பிரியும்போது இரு மின்னேற்றம் உடைய கார்பனேட் அயனியைத் தருகிறது. மின்னேற்றத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே விளைவு அமைவதால், இங்கே உப்பின் ஆட்சி மிகப் பெரிது. உப்பு, அமிலத்தின் சமநிலையை மாற்றுவது ஒன்று. வினையின் விரைவை நேரே மாற்றுவது வேறொன்று. சர்க்கரைச் சோதனையில் பின்னிக் கிடந்த இவ்விரண்டையும் பிரித்துக்காட்டியவரும் பிரான்ஸ்டெட்டே.

டிபை, ஹூக்கெல் கணக்குக்கும் எல்லை உண்டு. மிக நீர்த்த கரைசலில்தான் அது துல்லியமாகப் பொருந்தும். உப்பு மிகும்போது அயனிகளின் பருமனும், அவை நீரைத் தம்மோடு ஈர்த்துக்கொள்வதும் குறுக்கிடுகின்றன. அசெட்டிக் அமிலத்தின் மாறிலி உப்போடு உயர்ந்து சென்று, லிட்டருக்கு ஏறத்தாழ அரை மோல் உப்பு என்னும் அளவில் உச்சம் எய்தி, பின்னர் இறங்கவும் தொடங்குகிறது. எதிர் மின்னேற்றமுள்ள அயனிகள் இணை சேர்ந்தே உலவுவதும் உண்டு என்று 1926-இல் பியெரும் காட்டினார். எனவே, செறிந்த கரைசலின் மாறிலியைக் கொள்கையால் மட்டும் கணித்துவிட இயலாது. அக்கரைசலிலேயே அளந்தறிய வேண்டும்.

இவ்வளவு நுட்பத்தால் மக்களுக்கு ஆவதென்ன என்று நேயர்கள் கேட்கலாம். முதற்கண், நம் உடலில் ஓடும் குருதியைக் காண்போம். குருதியும் ஓர் உப்புக் கரைசலே. அதன் அமிலநிலையைக் காக்கும் காவலருள் முதன்மையானது கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்த இணை. 1908-இல் ஹெண்டர்சன் வகுத்து, 1916-இல் ஹாசல்பாக் மடக்கை வடிவில் அமைத்த சமன்பாட்டைக் கொண்டே மருத்துவர்கள் அதனைக் கணிக்கின்றனர். அச்சமன்பாட்டில் அவர்கள் இடும் எண் 6.1. தூய நீரில் அதே உடல் வெப்பத்தில் இருக்கவேண்டிய எண்ணோ ஏறத்தாழ 6.3. வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால் மடக்கைக் கணக்கில் 0.2 என்பது ஒன்றரை மடங்குக்குச் சமம். பட்டியலில் உள்ள தூய நீரின் எண்ணை நோயாளியின் குருதிக்கு இட்டால், கணிக்கும் அளவு அவ்வளவு பிழைபடும்.

அடுத்து, கடலைக் காண்போம். கடல்நீர் ஒரு கிலோகிராமில் சராசரியாக 35 கிராம் உப்புகள் உள்ளன. 25 பாகை வெப்பத்தில், கார்பானிக் அமிலத்தின் முதல் மாறிலி தூய நீரில் உள்ளதைவிடக் கடல்நீரில் ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டாம் மாறிலி இருபது மடங்குக்கும் மேல். பைகார்பனேட் பற்றிச் சற்றுமுன் கூறியதை நினைவுகூருங்கள். அதன்மேலும், கடலிலுள்ள மக்னீசியம் அயனிகள் கார்பனேட்டோடு இணை சேர்ந்து அதனைப் பிடித்துக்கொள்கின்றன. தொழிற்சாலைக் காலம் தோன்றியது முதல், மனிதர் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் காற்றில் சேர்த்த கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் கடல் உட்கொண்டு வருகிறது. அதனால் மேற்பரப்புக் கடல்நீரின் பி.எச். ஏறத்தாழ 8.2-லிருந்து 8.1 ஆக இறங்கியுள்ளது. ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்குச் சற்று மேல் பெருகியிருக்கிறது என்பது இதன் பொருள். பவளங்களும் சிப்பிகளும் தம் ஓட்டைக் கட்ட வேண்டிய கார்பனேட் அதனால் குறைகிறது.

சோரன்சனும் பாலிட்ஷும் கண்ட உப்புப் பிழை சில காட்டிகளில் 0.2 அளவுக்கும் செல்வது உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கடலில் நேர்ந்த மாற்றமோ 0.1. பிழையை அறியாதவர் மாற்றத்தை எங்ஙனம் அறிவார்? இதனாலேயே, பின்லாந்து அறிஞர் பூக் முதலானோர் 1930-களில் கார்பானிக் அமிலத்தின் மாறிலிகளைக் கடல்நீரிலேயே அளக்க முற்பட்டனர். 1973-இல் சுவீடனைச் சேர்ந்த ஹான்சன் என்னும் அறிஞர், தூய நீருக்கு மாறாகக் கடல்நீரையே அடிப்படையாகக் கொண்ட பி.எச். அளவுமுறையை அமைத்தார். அவ்வாண்டிலேயே மேர்பாக் குழுவினரும் கடல்நீருக்குரிய மாறிலிகளை வெளியிட்டனர். பின்னர், 1993-இல், மெட்டா கிரெசால் பர்ப்பிள் என்னும் காட்டியின் மாறிலி கடல்நீரிலேயே துல்லியமாக அளக்கப்பட்டது. நம் அருகிலுள்ள கடல்களிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். கங்கை முதலிய பேராறுகள் நன்னீர் கொணரும் வங்கக் கடலின் வடபகுதியில், மழைக்காலத்தை ஒட்டி மேற்பரப்பு உப்பு 30 கிராமுக்கும் கீழே இறங்குவதுண்டு; அரபிக் கடலிலோ அது 36 கிராம் அளவில் நிற்கிறது. இரு கடல்நீருக்கும் ஒரே மாறிலியை இடுதல் பொருந்தாது.

கோஷின் கொள்கை நிலைபெறவில்லை. ஆனால் அவர் வாழ்வு வீணாகவில்லை. 1939-இல் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிலையத்தின் இயக்குநரானார், நாடு விடுதலை பெற்றபின் கரக்பூர்த் தொழில்நுட்ப நிலையத்தின் முதல் இயக்குநராக விளங்கினார், 1959-இல் மறைந்தார். அவர் வினா சரியான வினா. அதற்கு அவர் தந்த விடை, பிறர் மறுத்து மேற்செல்லத்தக்க அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஆராய்ச்சியில் அதுவும் ஒரு கொடையே ஆகும்.

மாறிலி என்பது பொய்யான பெயர் அன்று. தனித்து நிற்கும்போது அமிலத்துக்கு ஓர் இயல்பு உண்டு, அது மாறுவதில்லை. ஆனால் உலகில் எந்தப் பொருளும் தனித்து நிற்பதில்லை. குருதியில் ஒரு சூழல். கடலில் ஒரு சூழல். ஆற்றுநீரில் மற்றொரு சூழல். எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்கும் மாணவன், அது எந்த நீரில், எந்த வெப்பத்தில், எவ்வளவு உப்புக்கிடையில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எடுக்கப் பழகுவானாக. அவ்வாறு பழகியவனே, நாளை கடலின் பி.எச். பத்தில் ஒரு பங்கு இறங்கியது என்று கேட்கும்போது, அது பிழையா, மெய்யா என்று ஆய்ந்து சொல்ல வல்லவன் ஆவான்.